காப்பாட்சியரின் நாட்குறிப்பு

(சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு, மலருக்கெனச் சற்றே விரித்து எழுதப்பெற்றது.)



நமக்கு அளிக்கப்பட்ட தலைப்பு, 'இக்காலக் கலையும் நம்மவரும்' என்பது. தூரிகை பிடித்துப் பழகாத நாம், இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளுக்கிடையே காலங் கழிக்கும் நாம், இத்தலைப்பில் பேச முற்படுவது துணிவே. ஆயினும் செயற்குழுவினர் நம்மை விட்டாரில்லை. வரும் ஆண்டு விழாவில், 'பம்பாய்த் தமிழர் வீட்டுப் பொருள்கள்' என்றொரு சிறு பொருட்காட்சி அமைத்தல் வேண்டுமென்றும், அதன் பொறுப்பை நாம் ஏற்றல் வேண்டுமென்றும் செப்டம்பர்த் திங்களில் முடிவு செய்தனர். அன்று முதல் ஒரு குறிப்பேடு வைத்து, கண்டதையும் எண்ணியதையும் எழுதி வருகின்றோம். அக்குறிப்பேட்டின் சில பக்கங்களே இன்றைய சொற்பொழிவு.

பொருட்காட்சியை அமைப்பவரை ஆங்கிலத்தில் 'க்யூரேட்டர்' என்பர். தமிழக அரசின் அருங்காட்சியகத் துறையினர் 'காப்பாட்சியர்' என்று எழுதுகின்றனர். நல்ல சொல்தான். காத்தலும் ஆளுதலும் அதனுள் அடங்கியுள்ளன. ஆனால் அவருடைய வேலையில் பெரும்பகுதி வேறொன்று. நூறு பொருள்களிலிருந்து பத்தை எடுத்து, தொண்ணூற்றை விடுவதே அது. எது முன்னே நிற்பது, எது பின்னே போவது, பக்கத்தில் என்ன எழுதி வைப்பது என்பவற்றையெல்லாம் அவரே முடிவு செய்கிறார்.

இது நமக்குப் புதிதன்று. நவராத்திரி வந்தால் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வீட்டுக்கு வீடு கொலு வைக்கிறார்கள். மரப்பாச்சி எப்படியில், தசாவதாரம் எப்படியில், செட்டியார் பொம்மை எங்கே என்பதில் பாட்டிமார் காட்டும் கண்டிப்பைக் கண்டவர்களுக்குக் காப்பாட்சியர் என்றால் யார் என்று விளக்க வேண்டுவதில்லை. பைகுல்லாவில் 1872ஆம் ஆண்டு பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட பழைய விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம், 1975 முதல் பாவு தாஜி லாட் அருங்காட்சியகம் என்னும் பெயர் பூண்டது. அங்கே கண்ணாடிப் பெட்டிகளுக்குள் பல சாதியாரும் தொழிலாளரும் சிறுசிறு மண் பொம்மைகளாக நிற்கின்றனர். முதன்முறை சென்றபோது எங்கள் இளைய மகள், "அப்பா, இங்கே கொலு எடுக்கவே மாட்டார்களா?" என்று கேட்டாள்! கேள்வி வேடிக்கையானதே. ஆயினும் ஒரு வேறுபாடு உளது. வீட்டுக் கொலுவில் பொம்மையை வைப்பவர்கள் நாம்; அப்பெட்டிகளிலோ பொம்மையாக நிற்பவர்கள் நம்மைப் போன்றவர்கள்.

இனி, குறிப்பேட்டுப் பக்கங்களுக்கு வருவோம்.

செப்டம்பர் 14.

அலுவலகம் முடிந்து, வண்டிக்கு ஓடாமல், நிலையத்தின் எதிர்ப்புற நடைபாதையில் நின்று அண்ணாந்து பார்த்தோம். இருபது ஆண்டுகளாக நாள்தோறும் நுழைந்து வெளியேறும் கட்டடம். நம் தந்தையார் காலத்தில் விக்டோரியா டெர்மினஸ். 1996இல் சத்ரபதி சிவாஜி டெர்மினஸ். 2017இல் 'மகாராஜ்' என்னும் சொல்லும் சேர்ந்தது. 1878இல் தொடங்கிப் பத்தாண்டுகள் கட்டினர். 2004இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. இவையெல்லாம் துறைத் தேர்வுக்குப் படித்த செய்திகள். அண்ணாந்து பார்த்தால் மட்டுமே தெரிவது, சுவரெங்கும் செதுக்கப்பட்டுள்ள விலங்குகளும் பறவைகளும் இலைகளும் முகங்களும். கூரை விளிம்பில் வாய் பிளந்து நிற்கும் விசித்திர உருவங்கள் நம் கோயில் யாளிகளுக்கு ஒன்றுவிட்ட உடன்பிறப்புகள் போலும்!

இச்சிற்ப வேலைகளில் பம்பாய்க் கலைப் பள்ளி மாணவர்கள் கைவைத்தனர். 1857இல் தொடங்கிய சர் ஜே. ஜே. கலைப் பள்ளியே அது. நிலையத்திலிருந்து கூப்பிடு தொலைவு. கட்டடத்தை வரைந்த பிரெடரிக் வில்லியம் ஸ்டீவன்சின் பெயரை நூல்கள் எல்லாம் சொல்லும். உளி பிடித்த மாணவர்களின் பெயர்களை நம்மில் யார் அறிவார்?

அதே பள்ளியில் பயின்று வெளிவந்தவர், 1974இல் இந்நகரில் பிறந்த ஜிதிஷ் கல்லாட் என்னும் ஓவியர். இவருடைய படங்கள் சிலவற்றில் நம் மின்வண்டிக் கூட்டத்து மனிதரைப் போன்றோரின் முகங்களைக் காணலாம். தலைமயிர் இருக்க வேண்டிய இடத்தில் பேருந்தும் வண்டியும் மனிதரும் ஒருவர்மேல் ஒருவர் ஏறிய நெரிசல்! அப்பெரும் படங்களைச் சுவரில் மாட்டாது, வெண்கலத்தில் வார்த்த விசித்திர விலங்குகளின்மேல் நிறுத்தி வைத்தார். அவ்விலங்குகள் எங்கிருந்து வந்தன? நம் நிலையத்துக் கூரையிலிருந்து! அதனை அறிந்த அன்று நமக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி சொல்லுந்தரத்தன்று. இக்காலக் கலை நமக்குப் புரியாது என்று ஒதுங்கி நிற்கின்றோம். அதுவோ நம் நிலையத்துக் கூரையையும், நம் காலை நேரத்து நெரிசலையும் தூக்கிக்கொண்டு உலகைச் சுற்றி வந்திருக்கிறது.

செப்டம்பர் 28.

குடும்பத்துடன் ஜஹாங்கீர் கலைக்கூடம் சென்றோம். 1952இல் திறக்கப்பட்ட இக்கூடத்தில் நுழைவுக் கட்டணம் இல்லை. எனினும் நம் குடியிருப்பில் இருபது பேரைக் கேட்டோம். இருவரே உள்ளே சென்றவர்கள், அவர்களுள் ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர். சண்முகானந்தா அரங்கில் கச்சேரி என்றால் சயானும் மாட்டுங்காவும் திரண்டு வருகின்றன. 1963இல் எழுந்த அவ்வரங்கு 1990இல் தீக்கு இரையாகி, 1998இல் மீண்டும் எழுந்தது. பாட்டுக்காக அத்தகைய மாளிகையை இருமுறை எழுப்பிய சமுதாயம் படத்திற்காக ஒருமுறை பேருந்து ஏறுவதில்லை. செவிக்கு நாம் பழக்கம் தந்தோம், கண்ணுக்குத் தரவில்லை. இஃது ஒன்றே காரணம் என்பது நம் கருத்து. ஏழ்மையோ கல்விக் குறைவோ காரணமென்றால் கச்சேரிக்கும் வந்திருக்க மாட்டோம்.

கூடத்தை விட்டு வெளிவந்ததும் நம் இல்லத்தரசியார் கேட்ட முதல் வினா, "இவ்வளவு விலைக்கு இதை யார் வாங்குவார்கள்?" என்பது. எல்லாரும் கேட்பதே. ஒரு செய்தி சொன்னோம். இந்நகரில் சினிமா விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த எம். எப். உசேன் 1954இல் 'கிராம யாத்திரை' என்றொரு நீண்ட படம் தீட்டினார். அதனை வாங்கிய மருத்துவர் ஒருவர் நார்வே நாட்டுக்கு எடுத்துச் சென்றார். பின்னர் ஆஸ்லோ நகரின் மருத்துவமனைக்கு அளித்துவிட்டார். அங்கே அது பல்லாண்டுகள் சுவரில் தொங்கியது. 2025 மார்ச்சில் நியூயார்க்கில் ஏலம் விட்டபோது ஏறத்தாழ 118 கோடி ரூபாய்க்குப் போயிற்று. அம்மருத்துவமனைச் சுவரருகே நடந்து சென்றவர் எத்தனை பேரோ! அன்றும் அதே படம், அதே வண்ணம். "அப்படியானால் நம் வீட்டுப் பரணையும் ஒருமுறை பார்த்து வைக்கலாமே" என்றார் அவர். இந்தப் பேச்சே, பின்னர் நாம் மேற்கொண்ட வேலைக்கு வித்தாயிற்று.

அக்டோபர் 5.

பழைய குறிப்பேடு ஒன்று கையில் அகப்பட்டது. 2017 பிப்ரவரியில் நேத்திராவதி விரைவு வண்டியில் எர்ணாகுளம் சென்று, கொச்சிக் கலைவிழாவைக் கண்டபோது எழுதியது. அதிலிருந்து சில செய்திகளை இங்கே சொல்லியாக வேண்டும்.

கொச்சி-முசிறி பியனாலே என்பது அவ்விழாவின் பெயர். ஈராண்டுக்கு ஒருமுறை என்னும் கணக்கில் தொடங்கியது. முதல் விழா 2012 டிசம்பர் 12 அன்று. தொடங்கியவர்கள் போஸ் கிருஷ்ணமாச்சாரி, ரியாஸ் கோமு என்னும் இரு மலையாள ஓவியர்கள். இருவரும் பிழைப்பும் படிப்பும் தேடிப் பம்பாய்க்கு வந்து, ஜே. ஜே. பள்ளியில் பயின்றவர்கள், நம்மைப் போலவே குடிபெயர்ந்தவர்கள். இந்த நகரில் கற்றதை எடுத்துச் சென்று சொந்த மண்ணில் ஒரு பெருவிழாவாக நட்டார்கள். முசிறி என்னும் பெயரோ நம் சங்கப் பாடல்களில் வருவது. யவனர் மரக்கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு மீண்ட துறைமுகம் அது என்று பள்ளியில் படித்திருக்கின்றோம். அத்துறைமுகம் இருந்த இடமென்று அறிஞர் பலர் கருதும் பட்டணம் என்னும் சிற்றூரில் அகழ்ந்தெடுத்து ஒதுக்கிய மண்பாண்டச் சில்லுகளைக் கொண்டு, முதல் விழாவில் விவான் சுந்தரம் என்னும் கலைஞர் ஒரு நகரத்தையே தரையில் பரப்பிக் காட்டினார். அதற்குக் 'கறுப்புத் தங்கம்' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர் வைத்தார். மிளகைத்தான் சொல்கிறார்! இரண்டாம் விழாவின் காப்பாட்சியர், முன்னர்ச் சொன்ன ஜிதிஷ் கல்லாட். நாம் சென்றது மூன்றாம் விழா; அதனை அமைத்தவர் சுதர்சன் ஷெட்டி, அவரும் இந்த மும்பைக்காரர்.

அவ்விழாவில் ஆஸ்பின்வால் மாளிகையின் ஒரு பெருங்கூடத்தில் கடல்நீரை நிரப்பியிருந்தனர். செருப்பைக் கழற்றி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முழங்கால் நீரில் நடக்க வேண்டும். சிலி நாட்டுக் கவிஞர் இரவுல் சுரீத்தா அமைத்தது. 'வேதனைக் கடல்' என்பது அதன் பெயர். குழந்தைகள் முதலில் ஆரவாரித்தனர். சுவரில் எழுதியிருந்த வினாக்களைப் படித்துக்கொண்டு நடந்தோம். கூடத்தின் கோடியில், நீர் தேங்கிய சுவரில், ஒரு சிறுவனைப் பற்றிய எழுத்துகள். 2015 செப்டம்பரில் துருக்கிக் கடற்கரையில் குப்புறக் கிடந்த சிரியா நாட்டுக் குழந்தை ஆலன் குர்தியின் படத்தை உலகமே கண்டது, நீங்களும் கண்டிருப்பீர்கள். அவனுக்கு ஓர் அண்ணன் இருந்தான். காலிப் என்று பெயர். அதே படகில், அதே நாளில் மாண்டான். அவனுக்கு அத்தகைய படம் இல்லை. படம் இல்லாததால் உலகம் அவனுக்கு அழவில்லை. அந்த அண்ணனுக்காகவே அக்கவிஞர் அக்கூடத்தை நீரால் நிரப்பினார்.

திரும்பி வரும்போது குழந்தைகள் பேசவில்லை, நாமும் பேசவில்லை. 'இது ஓவியமா, கவிதையா, நாடகமா' என்று உடன் வந்த நண்பர் கேட்டார். நமக்கு விடை தெரியவில்லை. தெரிய வேண்டுமென்றும் தோன்றவில்லை. குறிப்பேட்டில் அன்றைய பக்கத்தில் ஒரே வரி எழுதியிருக்கின்றோம்: 'படம் இல்லாதவனுக்கு இடம் கொடுப்பது எப்படி?'

அக்டோபர் 12.

இன்று கே. சி. எஸ். பணிக்கரைப் பற்றிப் படித்தோம். 1911இல் கோவையில் பிறந்தவர். தந்தையார் மறைவால் படிப்பை விட்டுத் தந்தித் துறையில் வேலை பார்த்தவர். இருபத்தைந்தாம் வயதிலேதான் சென்னைக் கலைப் பள்ளியில் சேர்ந்தார். 1966இல் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் என்னும் கலைஞர் சிற்றூர் எழுந்தபோது அதற்கு முன்னின்றவர் இவரே. அரசிடம் கையேந்தாமல், கலைஞர்களே பத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்று அவ்வூரை நிலைநாட்டினர் என்பதைக் குறித்து வைத்தோம். இத்தகைய செய்தியை நம் சங்கத்தின் பொருளாளர் கேட்க வேண்டும்!

1963 முதல் இவர் தீட்டிய 'சொற்களும் குறிகளும்' என்னும் வரிசைப் படங்களில் எழுத்துகள் போலத் தோன்றுவனவும், எண்களும், கட்டங்களும் நிறைந்திருக்கும், படிக்கத்தான் இயலாது. மாணவன் ஒருவனின் கணக்கு நோட்டிலிருந்து இக்கருத்துப் பிறந்ததென்பர். கற்றவர்கள் ஏதேதோ தத்துவம் சொல்கின்றனர். நமக்கோ அவற்றைக் கண்டவுடன், ஆண்டுக் கணக்கு முடிக்கும் இரவில் பேரேட்டின் பக்கம் தூக்கக் கண்ணுக்கு எவ்வாறு தோன்றுமோ, அவ்வாறே தோன்றிற்று. அலுவலக வேலை பார்த்தவர் அன்றோ!

அக்டோபர் 26.

தாராவி. இன்று பகல் முழுதும் அங்கே.

தாராவியைக் காட்சிக்கு வைத்தவர் பலர். படம் பிடித்தவர்கள் உளர். சுற்றுலா அழைத்துச் செல்பவர்கள் உளர். அவற்றை விடுவோம். இரண்டு முயற்சிகளை மட்டும் இங்கே சொல்ல வேண்டும். 2015 பிப்ரவரி 15 முதல் மார்ச் 7 வரை அங்கே தாராவி பியனாலே என்னும் விழா நடைபெற்றது. பெண்கள் நலத்திற்கும் குழந்தைகள் நலத்திற்கும் உழைக்கும் சினேகா என்னும் தொண்டு நிறுவனம், இலண்டன் வெல்கம் அறக்கட்டளையின் துணையோடு நடத்தியது. கலைஞர்கள் வழிகாட்ட, செய்தவர்கள் தாராவி மக்களே. அவற்றுள் ஒன்று, பெண்கள் துணித் துண்டுகளை வெட்டித் தைத்து உண்டாக்கிய தாராவி வரைபடம். வீட்டிலும் தெருவிலும் பெண்டிர் அடியும் வதையும் பட்ட இடங்களை அதில் குறித்துக் காட்டினர். வாயால் சொல்ல முடியாததை ஊசியால் சொல்லியிருக்கின்றனர். காவல் நிலையத்தில் எழுதப்படாத பதிவேடு அது.

மற்றொன்று, 2016இல் தோன்றிய தாராவி வடிவமைப்பு அருங்காட்சியகம். இஸ்பானியக் கலைஞர் ஹோர்ஹே மான்யெஸ் ரூபியோ, அமண்டா பினாத்தி ஆகிய இருவரும் ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்து தொடங்கியது. கட்டடம் இல்லை, தள்ளுவண்டி அளவே அருங்காட்சியகம்! தெருத் தெருவாக நகர்ந்து, குயவர் செய்த பானை, துடைப்பம், துணி, மறுபயன் பொருள் ஆகியவற்றை உரிய மதிப்போடு காட்டிற்று. வெளிநாட்டார் வந்து பெயர் தட்டிக்கொண்டு போயினர் என்று குறை கூறுவார் உளர். நாம் அவ்வாறு கூறோம். துடைப்பத்தைக் கலைப்பொருள் என்று சொல்ல நம்மவர்க்கு நாணமாக இருந்தபோது அவர்கள் சொன்னார்கள். ஆனால் வந்தவர் மீண்டு செல்வர், அஃது இயல்பு. வண்டி நகர்ந்த பின் அப்பொருள்களைக் காப்பது யார் பொறுப்பு? அதுவே வினா.

இவ்வினா இன்று அவசரமானது. தாராவிச் சீரமைப்புத் திட்டத்திற்கான ஏலம் 2022 நவம்பரில் அதானி குழுமத்திற்குக் கிடைத்தது. 2024 மார்ச்சில் வீடுவீடாகக் கணக்கெடுப்புத் தொடங்கியது. இரயில்வே நிலமும் அத்திட்டத்திற்கு அளிக்கப்பட்டுள்ளது. தகுதி பெற்றோர்க்கு 350 சதுர அடி வீடு என்று அறிவித்துள்ளனர். நல்ல கழிப்பறையும் குழாய் நீரும் உள்ள வீடு வேண்டாமென்று யாரும் சொல்லார். தகுதி பெறாதோர் எங்கே அனுப்பப்படுவரோ என்னும் அச்சம் பலர் முகத்தில் உளது. அதைப் பேச வேறு மேடைகள் உள்ளன. நாம் இங்கே சொல்ல வருவது ஒன்றே. வீடு மாறும்போது முதலில் எறியப்படுவன பரண்மேல் இருப்பவை. நெல்லைச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தவர்களின் மூன்று தலைமுறை வரலாறு அந்தப் பரண்களில் இருக்கிறது. வேறெங்கும் இல்லை.

நவம்பர் 9 முதல் 23 வரை.

மூன்று ஞாயிறுகள், இளைஞர் நால்வர் துணையோடு வீடுகள் தோறும் சென்றோம். இதுவரை சேர்ந்த பொருள்கள் நாற்பத்தொன்று. எல்லாவற்றையும் சொல்ல நேரமில்லை.

ஓர் இட்லிக்காரர் தம் அலுமினியத் தூக்கையும் இரப்பர் ஊதியையும் தந்தார். விடியலில் தாராவியிலிருந்து புறப்பட்டு இந்நகரின் தெருக்களில் கேட்கும் அந்த 'பாம் பாம்' ஓசை யாவரும் அறிந்ததே. "ஊதியை மட்டும் விழா முடிந்த அன்றே கொடுத்துவிடுங்கள், மறுநாள் யாவாரத்துக்கு வேண்டும்" என்றார். காப்பாட்சியருக்கு இது பெருஞ்சிக்கல். உழைத்துக்கொண்டிருக்கும் பொருளை எந்தப் பெட்டிக்குள் பூட்டுவது? ஊதியை மேசைமேல் வைப்போம். குழந்தைகள் அமுக்கிப் பார்க்கட்டும்.

மாட்டுங்காவிலிருந்து ஒரு கோல நோட்டு கிடைத்தது. காலங் கடந்த இரயில்வே படிவத் தாள்களின் பின்புறத்தில் புள்ளி வைத்து வரைந்து, தைத்துக் கட்டியது. வரைந்த அம்மையார் மறைந்து பல்லாண்டுகள் ஆயின. முன்புறத்தில் கணவர் வேலை. பின்புறத்தில் மனைவி வேலை. எப்பக்கத்தைக் காட்டுவது என்று இளைஞர்கள் வாதிட்டனர். கோலப் பக்கத்தையே காட்டுவதென்று நாம் தீர்ப்பளித்தோம். படிவங்களை நாம் போதிய அளவு பார்த்தாயிற்று.

அடுத்தது ஒரு தகரப் பலகை. பலசரக்குக் கடையின் பெயர் தமிழில் எழுதப்பட்டது. 1958இல் மாட்டப்பட்டு, 1967இல் இறக்கப்பட்டது. 1966க்குப் பின் சில ஆண்டுகள் இந்நகரில் தென்னாட்டாருக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியைப் பெரியோர் அறிவர். இறக்கிய பின் அப்பலகை, எழுத்துப் பக்கம் கீழாக, தண்ணீர்த் தொட்டிக்கு மூடியாக இருந்து வந்தது. துருப்பிடித்த ஓரங்களுக்கு நடுவே எழுத்து மட்டும் அப்படியே உளது. மூடியின் உட்புறமாக இருந்தும் அழியவில்லை. கடைக்காரரின் மகன், எழுபது கடந்த அண்ணாச்சி, பலகையைத் தந்துவிட்டு நம் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, வைங்க. ஆனா கதையெல்லாம் எழுத வேண்டாம். எம் பேரப்பிள்ளைக மராத்திப் பிள்ளைகளோடதான் விளையாடுது, படிக்குது. மருமகளே மராத்திப் பொண்ணு" என்றார்.

செயற்குழுவில் இதுபற்றிக் கடும் வாதம் நடந்தது. முழு வரலாற்றையும் எழுதி மாட்ட வேண்டும், அஞ்சுவது அழகன்று என்றார் ஒருவர். பலகையே வேண்டாம், விழாவில் மராத்திய நண்பர்களும் வருவர் என்றார் மற்றொருவர். இருவர் சொல்லிலும் நியாயம் உண்டு. பொருளுக்கு உடையவரின் சொல்லை மீறும் உரிமை காப்பாட்சியருக்கு இல்லை என்பதே நம் எண்ணம். அவர் தந்தது பலகையை, கதையை அன்று. ஆதலின் பக்கத்துச் சீட்டில் இவ்வளவே எழுதியுள்ளோம்: 'பலசரக்குக் கடைப் பலகை. தகரம். மாட்டியது 1958. இறக்கியது 1967.' ஆண்டுகளைப் படிக்கத் தெரிந்தவர் படித்துக்கொள்வர். மராத்தியிலும் அதே சீட்டை எழுதி வைப்போம். எழுதித் தர இசைந்திருப்பவர் அண்ணாச்சியின் மருமகள்.

நவம்பர் 30.

இறுதியாக ஒன்று. தாராவியில் ஒரு முதிய ஆச்சியைக் கண்டோம். அவருடைய மாமியார் குடும்பத்துடன் முதன்முதல் இந்நகருக்கு வந்து, நள்ளிரவில் வரிசையில் நின்று குழாய் நீர் பிடித்து, ஆறு பிள்ளைகளை வளர்த்தவர். "அவர்கள் படம் ஏதும் உண்டா, ஆச்சி?" என்று கேட்டோம். "படத்துக்கு எங்கே போக? அந்தக் காலத்தில் செத்தபிறகு எடுப்பார்கள், இவளுக்கு அதுவும் எடுக்கவில்லை" என்றார். குடும்ப அட்டையும் மாமனார் பெயரில் இருந்ததாம். வேறென்ன இருக்கிறது என்று வினவினோம். சற்று எண்ணிப் பார்த்து, கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பித்தளைக் குடத்தை உருட்டி வெளியே கொணர்ந்தார். இடுப்பு வளைவு ஒருபுறம் நசுங்கியிருந்தது. புளியிட்டுத் துலக்கியபோது, கழுத்தருகே புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்துகள் தெரிந்தன. ஊரின் முதலெழுத்து, தந்தையின் முதலெழுத்து, பின்னே அவ்வம்மையாரின் முழுப்பெயர்.

சீர்வரிசைப் பாத்திரத்தில் பெயர் வெட்டும் வழக்கம் நாம் எல்லாரும் அறிந்ததே. பந்தியில் பாத்திரம் மாறிப் போகாதிருக்கச் செய்த ஏற்பாடு. அந்தப் பெண்மணி இவ்வுலகில் வாழ்ந்தார் என்பதற்கு அக்குடத்தைத் தவிர வேறு எழுத்துச் சான்று அவ்வீட்டில் இல்லை. ஆச்சிக்கு எழுத்துத் தெரியாது. நாம் படித்துக் காட்டினோம். "இன்னொரு தரம் படியுங்க" என்றார். மூன்று முறை படித்தோம்.

அக்குடத்தை நுழைவாயிலுக்கு நேரே, தனி மேசையில், வெள்ளைத் துணிமேல் வைக்கப் போகின்றோம். பெயர் தெரியும்படி திருப்பி வைப்போம். கையில் எடுத்து இடுப்பில் வைத்துப் பார்க்க விரும்பும் தாய்மார்களைத் தடுக்க வேண்டாமென்று தொண்டர்களுக்குச் சொல்லியாயிற்று.

அன்பர்களே! பழைய பாத்திரங்களை எடைக்குப் போட்டுவிட்டு எவர்சில்வரும் பிளாஸ்டிக்கும் வாங்குவது நம் எல்லார் வீட்டிலும் நடப்பது. இப்போது வீடு மாறப் போகிறவர்கள் தாராவியில் மட்டும் இல்லை. செம்பூரிலும் பழைய கட்டடங்களை இடித்துக் கட்டுகின்றனர். எடைக்காரரைக் கூப்பிடுவதற்கு முன் ஒருமுறை கழுத்தையும் அடியையும் துலக்கிப் பாருங்கள். எழுத்து ஏதும் இருந்தால், பாத்திரத்தைத் தர வேண்டுமென்பதில்லை. பெயரை எழுதிக்கொள்ளவும், புகைப்படம் எடுக்கவும் இசைந்தால் போதும். அதற்கென ஒரு பதிவேடு திறந்திருக்கின்றோம். இதுவரை பத்தொன்பது பெயர்கள். பதினேழு பெண்கள், இரண்டு கோயில்கள்.

விழாவிற்கு முந்திய ஞாயிறு வரை, மாலை ஐந்து மணி முதல் எட்டு மணி வரை, நாம் சங்க அறையில் இருப்போம். பொருளைத் துணியில் சுற்றிக் கொண்டு வாருங்கள். துலக்குவதற்குப் புளி அங்கே வைத்திருக்கின்றோம்.